கன்றுக்கு ஆகாத பால்

கன்று எழுந்து நிற்பதற்கு முன்பே தூக்கு வந்துவிடும். நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் தூக்கு. மூடியின் குமிழ் உடைந்துபோய், அந்த இடத்தில் ஒரு நூல்கட்டையைத் திருகி வைத்திருந்தார்கள். தோட்டத்து ஒப்பீஸ் பெரிய கிளாக்கர் வீட்டுச் சமையல்காரி அதைக் கையில் கோத்துக்கொண்டு தேயிலை மலையின் குறுக்குப் பாதையில் இறங்கி வருவது தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலிலிருந்தே தெரியும். மாடு கன்று போட்ட செய்தி அவ்வளவு மேலே எப்படி அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஈரம் காயாத கன்று பின்னங்கால்களை ஊன்றப் பார்த்து விழுந்துகொண்டிருக்கும். தாய் அதை நக்கிக்கொண்டிருக்கும். சமையல்காரி கொட்டிலுக்கு வெளியே நின்று, "அம்மா குடுத்து விட்டாங்க" என்பாள். கொடுத்து விட்டது காலித் தூக்கு. திரும்பிப் போவது மஞ்சள் நிறத்தில் கெட்டியாக நிறைந்த தூக்கு. எங்கள் தோட்டத்தில் அதற்கு மரியாதை என்று பெயர்.

கண்டி மலையில் ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. நான் அங்கே பிறந்தேன், ஐந்தாம் வகுப்பு வரை அங்கே படித்தேன், அதற்குப் பிறகு எங்கேயும் நிலையாக இருந்ததில்லை. கம்பளையில் மூட்டை தூக்கினேன். லொறியில் கிளீனராகப் போனேன். திகனையில் சுண்ணாம்புச் சூளைக்குக் கல் உடைத்தேன். வேலை போனால் வருந்துகிற பழக்கம் எனக்கு இல்லை. பஸ் ஏறி, மிச்சத் தூரத்தை நடந்து, லயத்தில் சின்னம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து படுத்துக்கொள்வேன். சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அம்மாவும் சித்தப்பாவும் பஞ்ச காலத்தில், மாவுக்கு வரிசை நின்ற நாட்களில், ஒருவர் பின் ஒருவராகச் செத்துப் போனார்கள். சின்னம்மாவுக்கு ஒரே மகள். அந்த மகள் கொழுந்துக் கூடை மாட்டக் கூடாது என்பதைத் தவிர சின்னம்மாவுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. அதற்கு அவள் நம்பியிருந்தது ஒரு செவலை மாட்டை. ஒரு மாடு இருந்தால் வயிறு நனையும். ஒரு பொட்டைக் கன்று நின்று இரண்டாவது மாடாகிவிட்டால் மகளைக் கண்டியில் படிக்க வைக்கலாம். இதை அவள் பெரிய திட்டமாகச் சொன்னதில்லை. மாட்டுக்குப் புல் போடும்போது, "ஒரு பொட்டக்கன்னு நின்னுட்டாப் போதும்" என்று மாட்டிடமே சொல்வாள்.

பால் எப்படி உண்டாகிறது என்பது குடிக்கிறவர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததில்லை. கன்று போடாத மாடு பால் தராது. மாடு பால் சுரப்பது கன்றுக்காக. கன்று முட்டினால்தான் மடி இறங்கும். விடிவதற்கு முன் சின்னம்மா எழுந்து அடுப்பில் தண்ணீர் காய்ச்சி மடியைக் கழுவுவாள். கன்றை அவிழ்த்து விட்டு நாலு காம்பிலும் இரண்டு மிடறு ஊட்ட விடுவாள். பால் இறங்கியதும் கன்றைப் பிடித்து இழுத்துத் தாயின் தலைப்பக்கம் கட்டுவாள். கன்றின் வாயில் நுரை இருக்கும்போதே கறவை தொடங்கிவிடும். தாய் நக்கிக்கொண்டே நிற்கும். கறந்த பாலைச் சந்தியில் லொறிக்குக் கொடுத்துவிட்டு, பெரட்டுக் களத்துக்கு ஓடிப் பேர் கொடுத்து, நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பாள். மலையிலிருந்து இறங்கும்போது வெறுங்கையோடு இறங்க முடியாது. தண்ணீர்க் கான் ஓரங்களில் அட்டைக்கடிக்கு நடுவே புல் அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். அவ்வளவும் செய்தவளுடைய காம்பராவில் காலையில் குடித்தது பால் ஊற்றாத தேத்தண்ணி, சாயத்தண்ணி. மகளும் அதையே குடித்தாள், நானும் அதையே குடித்தேன். பால் விற்பவர்கள் வீட்டில் பால் இருக்காது என்பதில் எனக்கு அப்போது ஆச்சரியம் ஏதும் இருக்கவில்லை. கோபம் பிறகுதான் வந்தது. வந்தது போகவே இல்லை.

கன்று போட்ட முதல் மூன்று நாளும் வருகிற பாலைச் சீம்பால் என்போம். வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்தால் கட்டியாக உறையும், துண்டு போடலாம். அந்தப் பால் கன்றுக்கு ஆகாது என்று எங்கள் லயத்தில் எல்லோரும் நம்பினார்கள். கனமான பால், பிஞ்சு வயிறு தாங்காது, கழிச்சல் வரும். ஆகவே மூன்று நாளும் ஒட்டக் கறந்துவிட வேண்டும். முதல் கறவை கிளாக்கர் வீட்டுக்கு, அடுத்தது கோயிலுக்கு, மற்றது அக்கம்பக்கத்துக்கு. கன்றுக்கு அரிசிக் கஞ்சித் தண்ணி. நாலாம் நாள்தான் அதைத் தாயிடம் விடுவார்கள். அதற்குள் பல கன்றுகளுக்குக் கழிச்சல் கண்டிருக்கும். உடனே லயம் முழுக்கத் தலையாட்டும். பார்த்தாயா, கறந்தும் இப்படி, கறக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். செத்த கன்று ஒவ்வொன்றும் அந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போனது. இந்த நம்பிக்கையை முதலில் யார் சொன்னார்கள் என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் சொன்னது என்பார்கள். பெரியவர்கள் என்றால் யார்? அந்தப் பாலை யார் தின்றார்களோ அவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் முடிவு.

செவலை போட்ட முதல் கன்று அப்படித்தான் செத்தது. இரண்டாவதும் அப்படியே. இரண்டும் பொட்டை. கன்று செத்ததும் மாடு பாலை ஒளித்துக்கொண்டது. காலை உதைத்தது, கத்தியது, கயிற்றை இழுத்துக்கொண்டு கன்று கிடந்த மூலையையே பார்த்தது. கன்றின் தோலை உரித்து வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்து, மாடு ஏமாந்து இறக்கிவிடும் என்று லயத்தில் சொன்னார்கள். அது மற்ற இடங்களில் நடக்கிற வழக்கம்தான். சின்னம்மா அதைச் செய்யவில்லை. தன் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உப்புத் தண்ணீர் தடவி, கையை மாட்டின் வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். மாடு நக்கியது. நக்க நக்க மடி இறங்கியது. மகள் கறந்தாள். மாட்டின் நாக்கு அரம் மாதிரி இருக்கும். அந்தக் கறவைக் காலம் முழுக்கச் சின்னம்மாவின் இடது கை தோல் சிவந்து, உரிந்து, நீர் கோத்து இருந்தது. அந்தக் கையோடுதான் கொழுந்து பறித்தாள். பக்கத்துக் காம்பரா அக்கா, "தோல நிறுத்தினா முடிஞ்சு போற காரியத்துக்கு ஒன் தோல ஏன்டி உரிச்சுக்கிற" என்று கேட்டபோது, "அத ஏமாத்த எனக்கு மனசு வரல" என்று மட்டும் சொன்னாள்.

கண்டியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒரு முறை இரண்டு படித்த மனிதர்கள் வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். மனிதனைத் தவிர வேறு எந்த மிருகமும் பால்குடி மறந்தபின் பால் குடிப்பதில்லை, இன்னொரு மிருகத்தின் பாலையும் குடிப்பதில்லை என்பது ஒருவருடைய கட்சி. மற்றவர் பூனையைச் சொன்னார். நான் என் சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கேட்டிருந்தேன். பூனையை நானும் பார்த்திருக்கிறேன். கிளாக்கர் வீட்டு அல்சேஷன் நாய் காலையும் மாலையும் ஒரு சட்டி பால் குடித்ததைப் பார்த்திருக்கிறேன். தன் மடியில் தானே வாய் வைத்துக் குடிக்கிற மாடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அது மறுபடி குடிக்காதிருக்க மூக்கில் முள் வைத்த வளையம் மாட்டியிருந்தார்கள். எங்கள் தோட்டத்துக் கோயிலில் பாம்புக்கென்று புற்றில் பால் ஊற்றுவார்கள். பாம்பு குடித்து நான் பார்த்ததில்லை, எறும்பு மொய்த்துப் பார்த்திருக்கிறேன். கிடைத்தால் எதுவும் குடிக்கும். நான் அறிந்தவரை பால் கூடாது என்று மனிதர்கள் கட்டி வைத்த மிருகம் ஒன்றுதான். அந்தப் பால் யாருக்காகச் சுரந்ததோ அந்தக் கன்று.

தோட்டம் அரசாங்கத்துக்குக் கைமாறி, துரைமார் இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள். பெரிய கிளாக்கர் மாறவில்லை. லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டில் போட இடம் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் வாயில் இருந்தது. அவர் வெளியூர்க்காரரோ வேறு சாதிசனமோ இல்லை. எங்களைப் போல இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தான். அவருடைய அப்பா கங்காணி. நாலு எழுத்துப் படித்து ஒப்பீசுக்குள் போனபின் மேலே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். நெற்றியில் எப்போதும் விபூதி இருக்கும். சத்தம் போட்டுப் பேச மாட்டார்.

நான் திகனையிலிருந்து திரும்பி வந்திருந்த ஒரு மழைக்காலத்தில் அவர் வீட்டு மாட்டுக் கொட்டில் தகரத்தைக் காற்று பிய்த்து விட்டது. அதை அடித்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். அவர்களுடையது அரசாங்கப் பண்ணையிலிருந்து வந்த கறுப்பு வெள்ளைக் கலப்பு மாடு. நான் கூரை மேல் இருக்கும்போதே அது கன்று போட்டது. நான் இறங்கி வந்து, பழக்க தோஷத்தில், கறக்கச் சட்டி எடுத்து வரவா என்று கிளாக்கரம்மாவிடம் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேணாம்ப்பா. நம்ம மாட்ட மூணு நாளைக்கு நாங்க தொடுறதே இல்ல. கன்னு குடிக்கட்டும். ஐயா டொக்டர்கிட்டக் கேட்டுட்டு வந்தாரு. அந்தப் பாலு போகாட்டிக் கன்னு ஒடம்புல பலமே புடிக்காதாம், கழிஞ்சே செத்துருமாம்."

"எப்பங்க கேட்டாரு?"

"போன தடவ இது போட்டப்பவே கேட்டாரு. அந்தக் கன்னுதான் அங்கிட்டு நிக்கிறது, பாரு. எப்பிடி நிக்குது."

பார்த்தேன். கொட்டிலின் மறுபக்கத்தில் உடம்பெல்லாம் பளபளவென்று ஒரு கிடாரி நின்று புல் தின்றுகொண்டிருந்தது. அது பிறந்த மாதத்தை நான் அறிவேன். சின்னம்மாவின் இரண்டாவது கன்று பிறந்து செத்த அதே மாதம்.

"அப்ப சீம்பாலுக்கு?" என்று கேட்டேன்.

"லயத்துல ஏதாச்சும் ஒண்ணு போடுமில்ல. ஒங்க சின்னம்மா மாடுகூட இந்த மாசந்தானே?" என்றார். அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய் எனக்குப் பால் ஊற்றிய தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்தேன். நல்ல தேத்தண்ணி. அந்த நன்மைதான் என்னை இன்றைக்கும் சுடுகிறது. திட்டியிருந்தால் திட்டோடு போயிருக்கும். அவர்கள் நல்ல மனிதர்களாக இருந்துகொண்டே, எது கன்றைக் கொல்லும் என்று தெரிந்துகொண்டே, தூக்கை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை சின்னம்மா மிளகாய் அரைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். அவள் அரைப்பதை நிறுத்தவில்லை.

"அவங்க கன்னுக்குக் கழிச்சல் வரலியா?"

"வரல."

"வாலு?"

"என்னா வாலு?"

"வாலு சுத்தமா இருந்துச்சாடா?"

"சுத்தமாத்தான் இருந்துச்சு, சின்னம்மா."

அவள் அம்மியைக் கழுவினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே போய் மாட்டின் பக்கத்தில் நெடுநேரம் நின்றாள். உள்ளே வந்து மகளுக்குச் சோறு போட்டாள்.

செவலை ஒரு பின்னேரம் கன்று போட்டது. நான் மலைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். சின்னம்மா கங்காணியின் முணுமுணுப்பைக் காதில் வாங்காமல் கூடையோடு இறங்கி வந்தாள். மறுபடியும் பொட்டை. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. அதைச் சாக்கால் துடைத்துத் தூக்கி, காலை ஊன்ற வைத்து, வாயைக் காம்பில் வைத்தாள். கன்றுக்கு முதலில் பிடிபடவில்லை. அவள் காம்பைப் பீய்ச்சி அதன் நாக்கில் விட்டாள். பிறகு அது பற்றிக்கொண்டது. வால் ஆடியது. அப்போதுதான் சமையல்காரி வந்து நின்றாள்.

"அம்மா குடுத்து விட்டாங்க."

"மேல அந்த மாடும் போட்டிருச்சாமே அக்கா?" என்றாள் சின்னம்மா, கன்றைப் பிடித்தபடியே.

"போட்டுச்சு, போன கெழம."

"அதுல கறக்கலியா?"

"எனக்கென்னாடி தெரியும். குடுத்ததக் கொண்டாந்தேன்."

"அப்ப குடுத்ததையே கொண்டு போங்க. மூடிய நல்லாப் போட்டுக்கங்க, மழத் தண்ணி எறங்கிரப் போகுது."

சமையல்காரி கொஞ்ச நேரம் நின்றாள். கன்று குடிக்கிற சத்தத்தைக் கேட்டாள். பிறகு போய்விட்டாள்.

மறுநாள் காலை பெரட்டு முடிந்ததும் பெரிய கிளாக்கர் குடையோடு இறங்கி வந்தார். கொழுந்துக்குப் போகிற பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு வழியிலேயே நின்றார்கள்.

"என்னம்மா, நேத்துத் தூக்கு வெறுமனே வந்துச்சாம்?"

"கன்னு குடிக்குதுங்க ஐயா."

"கன்னுக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க. கழிஞ்சு செத்துப் போனா என்கிட்ட வந்து அழக் கூடாது."

"ரெண்டு செத்துச்சுங்க. ஒங்ககிட்ட வந்து அழுதேனா?"

அவர் சிரித்தார். "மாட்டுப் பால மாடே குடிக்கிறதுக்கா தோட்டத்துல கொட்டில் போட எடம் குடுத்திருக்கு?"

"ஒங்க வீட்டு மாட்டுப் பால எது குடிக்குதுங்க ஐயா?"

பின்னால் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினாள். கிளாக்கர் சின்னம்மாவைப் பார்க்கவில்லை. இருமல் வந்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "கூர அடிக்க வந்தவன் நீதானே" என்றார். அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு ஏறிப் போனார்.

பகலில் கங்காணி வந்து சொல்லிவிட்டுப் போனார். லயத்துக்குப் பின்னால் உள்ள கொட்டில்கள் எல்லாவற்றையும் வாரக் கடைசிக்குள் கழற்ற வேண்டும். ஈ, நாற்றம், பிள்ளைகளுக்கு நோய். எல்லாவற்றையும் என்று சொன்னதில்தான் கிளாக்கருடைய படிப்பு இருந்தது. சின்னம்மாவின் கொட்டிலை மட்டும் கழற்றச் சொல்லியிருந்தால் லயம் அவள் பக்கம் நின்றிருக்கும். இப்போது மாடு வைத்திருந்த எல்லோரும் எங்கள் காம்பரா வாசலுக்கு வந்தார்கள். அதிகம் பேசியவள் பக்கத்துக் காம்பரா அக்கா.

"ஒரு தூக்குப் பாலு. ஊத்திக் குடுத்தா ஒன் கையி தேஞ்சா போகும்? எங்க வயித்துல ஏன்டி மண்ண அள்ளிப் போடுற?"

"ரெண்டு நாளு பொறுங்கக்கா" என்றாள் சின்னம்மா. "பாலு மாறட்டும். அப்புறம் நானே போயி அவரு கால்ல விழுறேன்."

"விழுறவ இப்பவே விழுந்தா என்னா?"

"இப்ப விழுந்தாப் பாலக் கேப்பாரு."

அந்த இரண்டு நாளும் அவள் வேலைக்குப் போகவில்லை. காவல் இருந்தாள். மேலே இருப்பவருக்காக இல்லை, அவர் இனி இறங்கி வர மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவள் பயந்தது பக்கத்தில் இருப்பவர்களுக்கு. தான் கண் அயர்ந்தால் யாராவது கறந்து, அவள் பேரைச் சொல்லி மேலே அனுப்பிச் சமாதானம் பண்ணிவிடுவார்கள் என்று பயந்தாள். அந்தப் பயம் பொய்யில்லை. அக்கா ஒரு முறை சட்டியோடு வந்து, என்னைக் கண்டு, சாணி அள்ள வந்ததாகச் சொல்லிப் போனாள். அவள்மேல் எனக்கு இப்போதும் கோபம் வரவில்லை. அவளுக்கும் இரண்டு மாடு இருந்தது, நாலு பிள்ளைகள் இருந்தார்கள். ஒரே லயத்தில் ஒரே பாத்திரத்துக் கஞ்சியைப் பகிர்ந்து குடித்தவர்களை ஒரு தூக்குப் பாலை வைத்து ஒருவருக்கொருவர் திருடர்களாகவும் காவல்காரர்களாகவும் ஆக்கியவர் மேலேதான் கோபம். அவர் அந்த நேரத்தில் தன் வீட்டில் கதிரையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

நாலாம் நாள் விடிந்தபோது கன்று கொட்டிலுக்குள் குதித்தது. சின்னம்மா அதன் வாலைத் தூக்கிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. கன்றை இரண்டு மிடறு ஊட்ட விட்டுப் பிடித்துக் கட்டினாள். கறந்தாள். மஞ்சள் போய் வெள்ளைப் பால். ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு மேலே போனாள். நானும் கூடப் போனேன், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். வாசலில் விபூதியோடு வந்து நின்றவருடைய காலில் அவள் முழு உடம்பும் தரையில் படும்படி விழுந்தாள்.

"தப்புத்தாங்க ஐயா."

"சரி சரி, எந்திரி. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல." சொம்பைச் சமையல்காரி வாங்கிக்கொண்டாள். "மத்தவங்க கொட்டில் இருக்கட்டும்னு கங்காணிகிட்டச் சொல்றேன். ஒன்னோடத மட்டும் கழட்டிரு. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கில்ல."

இறங்கி வரும்போது அவர் முகத்தில் ஒன்று கொடுக்காமல் வந்துவிட்டேனே என்று சொன்னேன். சின்னம்மா சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே நடந்தாள். "விழுந்தது நானு. கன்னு நிக்குதில்ல" என்றாள்.

கொட்டிலை லயத்து ஆட்களே கழற்றினார்கள். அக்கா கன்றின் முதுகில் மழைக்கு ஒரு சாக்கைக் கட்டி விட்டாள், சின்னம்மாவின் முகத்தைப் பார்க்காமல். மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு நான் தலாத்துஓயா வழியாக இறங்கி, தென்னக்கும்புர பாலத்தில் ஆற்றைக் கடந்து, திகனைக்குப் போனேன். இரண்டு பகல் நடந்தோம். கன்று களைத்தபோது தோளில் தூக்கிக்கொண்டேன். அது வழியெல்லாம் என் சட்டையில் மூத்திரம் பெய்தது. தாய் நான் கன்றைத் திருடிக்கொண்டு போவதாக நினைத்து என் முதுகில் முட்டிக்கொண்டே வந்தது. திகனையில் நான் முன்பு வேலை செய்த சூளைக்கார முஸ்லிம் நானா ஒருவருக்கு ஆற்றங்கரையில் காணி இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் மாட்டின் மடியைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்துச் சிரித்தார். சின்னம்மாவைச் சாச்சி என்றும் கன்றைக் கண்டு என்றும் சொல்வது அவர்கள் பேச்சு.

"சாச்சிட மாடுதானே? நிக்கட்டும் தம்பி. தீனி எங்கட, பால் எங்கட. கண்டு அவங்கட. சரியா?"

"முதல் பால் உங்க வீட்ல எப்பிடி நானா?" என்று கேட்டேன். அதைக் கேட்காமல் விட்டுப் போக எனக்கு முடியவில்லை.

"கண்டு குடிச்சு வகுறு நெறஞ்ச பொறகு மிஞ்சினா நாங்களும் கொஞ்சம் ருசி பாப்போம். மிஞ்சாட்டி இல்ல. அதுல என்ன இருக்கு?"

அதில் என்ன இருக்கு என்று அவர் கேட்டார். நான் ஆற்றுக்குப் போய்ச் சட்டையை அலசினேன்.

அந்தக் கன்று நின்றது. மாடானது. கன்று போட்டது. சின்னம்மா லீவு நாட்களில் பஸ் ஏறித் திகனைக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வருவாள். நானா தீனிக் கூலி போக மிச்சத்துக்கு ஒரு பங்கைத் தானாகவே கொடுத்தனுப்பத் தொடங்கினார். மகள் கண்டியில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தாள், நகரத்தில் ஒரு துணிக்கடையில் நின்றாள், கட்டிக்கொடுத்தோம். பெரிய உத்தியோகம் ஒன்றும் பார்க்கவில்லை. கொழுந்துக் கூடையும் மாட்டவில்லை. சின்னம்மா கண் மூடிச் சில வருடம் ஆகிறது. இப்போது அந்தத் தோட்டத்தில் மாடு வைத்திருப்பவர்கள் காலையில் பாலை லொறிக்கு ஊற்றிவிட்டு, பிள்ளைகளுக்குக் கடையில் பால்மா பைக்கற்று வாங்குகிறார்கள். நான் கடைசியாகப் போனபோது பைக்கற்றில் போட்டிருந்த மாட்டுப் படத்தை ஒரு குழந்தை நக்கிக்கொண்டிருந்தது.

சென்ற மாதம் கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் என்னையே பார்த்தார். விபூதியை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். பெரிய கிளாக்கர். பென்சன் எடுத்துக்கொண்டு மகன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய ஆட்களைக் காண்பதே அபூர்வமாகிவிட்டது என்றார். தோட்டத்துக் காற்று, தோட்டத்துத் தண்ணீர், ஆட்களுக்கிடையே அப்போதிருந்த மரியாதை என்று சொல்லிக்கொண்டே போனார். கண் கலங்கியது.

"ஒங்க சின்னம்மா மாட்டுச் சீம்பாலு இருக்கே, தம்பி. அந்த ருசி எனக்கு இன்னும் நாக்குல நிக்குது. இந்தக் காலத்துல எங்க கெடைக்குது அதெல்லாம்? சின்னம்மா சொகமா இருக்காங்களா?"

"செத்துப் போயிட்டாங்க" என்றேன். "அந்தக் கன்னு பொழச்சிருச்சுங்க ஐயா."

அவர் என்னை அன்போடு பார்த்தார். "எந்தக் கன்னு?"

நடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. கன்று இல்லை, கொட்டில் இல்லை, தன் காலில் விழுந்து கிடந்த பெண் இல்லை. ருசி மட்டும் இருந்தது.

அவருடைய பஸ் வந்து நின்றது. நடத்துனர் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூவினார். பெரியவர் தடியை ஊன்றித் திரும்பினார். அவர் பிடித்திருந்த கையை நான் விடவில்லை. கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். வயதான கை, பலம் இல்லை. நான் முதல் கன்றிலிருந்து சொல்லத் தொடங்கினேன். பஸ் போய்விட்டது. அடுத்ததும் வந்து போய்விட்டது. நான் இரண்டாவது கன்றுக்கு வந்திருந்தேன்.